கேட்காமலே போட்ட ‘இல்லை’

1

இந்த வருடம் கந்தசஷ்டி தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போதே நான் நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன். சஷ்டி என்றால் ஊரில் உங்களுக்கு விரதம், கோயில், ஆறாம் நாள் சூரன் போர். எனக்கு இந்த முறை அது என் அண்ணையின் உயிர்ச் சமாச்சாரம்.

அண்ணைக்கு அறுபத்தொரு வயது. எங்கள் வீட்டில் முதலில் கனடாவில் மொன்றியலுக்கு வந்தவர் அவர்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியைப் பராமரிக்கிற வேலை. பொயிலர், குழாய், வாசலில் பனி தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. வருடம் முழுக்க எப்படி இருந்தாலும் சஷ்டி ஆறு நாளும் சுத்தமாக இருப்பார். பகலில் தண்ணீர் மட்டும், பின்னேரம் பாலும் பழமும். மச்சம் மாமிசம் இல்லை, அதுவும் இல்லை. ‘அது’ என்று நான் எழுதினாலே உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் சனத்துக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, நாங்கள் சொல்வதுமில்லை.

போன வருடம் இரண்டாம் நாள் கோயிலில் அண்ணையின் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் சேட்டு நனைய வியர்த்தது. பூசை நேரம் விறைத்துப்போய்க் கீழே விழுந்தார். கைகால் இழுத்தது, ஒரு நிமிடம் இருக்கும். சுற்றி நின்ற சனம் விரதக் களை என்றது. ஒரு அம்மா “முருகன்ர அருள் வந்திட்டுது” என்று கும்பிடத் தொடங்கிவிட்டார். ஆரோ திருநீறு பூசினார்கள். நான் ஒரு நேர்ஸ். அந்த நேர்ஸ் என்ன செய்தாள் தெரியுமா? சீனித்தண்ணி கரைத்துக் கொண்டு ஓடினாள்.

கண் திறந்ததும் அண்ணை “ஒண்டுமில்லை, ஆஸ்பத்திரி ஒண்டும் வேண்டாம்” என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போனோம். விரதத்தை முறித்தார். பின்னேரம் ரெலிபோன் எடுத்தபோது மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, “சோறு சாப்பிட்டாப் பிறகு ஆள் சரியாயிட்டார்” என்றார். நானும் நம்பினேன். நம்பினால் வசதியாக இருந்தது.

2

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால் “கிளினிக்கில” என்று அம்மா சொல்லி நிறுத்திவிடுவா. மிச்சத்தை நான் சொல்கிறேன். இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள், எங்களுக்கெல்லாம் எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர், தங்கள் சனத்துக்காகத் தாங்களே நடத்துகிற ஒரு சின்னக் கிளினிக் அது. வடக்கிலிருந்தும் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் நகரத்துக்கு வந்து தனித்துப்போன ஆட்கள் வருவார்கள். நான் அங்கே உதவி நேர்ஸ். நாலு வருடமாகிறது.

இந்த வேலை கிடைத்தபோது எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு பிறந்தநாள் விழாவில் நாலைந்து பேர் சுற்றி நின்று, “கவனம் பிள்ளை, அவை சரியான குடிகாரச் சனம்” என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். நாலைந்து பேர் கையிலும் கிளாஸ் இருந்தது. ஒருவரின் கிளாஸை நிரப்பிக்கொண்டு நின்றவர் என் அண்ணை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்ததே தவிர வேறொன்றும் விளங்கவில்லை.

கிளினிக்கில் ஒரு வழக்கம். யார் வந்தாலும், காதுவலி என்று வந்தாலும், தடுப்பூசிக்கு வந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை அவரிடம் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கவேண்டும். எத்தனை நாளைக்கு ஒருக்கால், ஒரு நாளைக்கு எத்தனை, நிறுத்த முடியாமல் போனதுண்டா, இப்படி. வருத்தம் முற்றிப் போவதற்கு முன்பே கையைக் கொடுப்பதுதான் நோக்கம். ஒரு அட்டையும் இருக்கிறது. பியர் போத்தல், வைன் கிளாஸ், சின்ன விஸ்கிக் கிளாஸ் என்று படம் போட்டு, இது ஒன்று, இது ஒன்று என்று அளவு காட்டுகிற அட்டை.

இதைக் கேட்கிற முறையை எங்களுக்குப் பழக்கியவள் ஜனின். அவள் அத்திக்கமெக் என்ற பூர்வகுடி இனத்துப் பெண், என்னை விடப் பத்து வயது இளையவள், கிளினிக்கின் சமூகப் பணியாளர். அவள் சட்டம் போட்டதுபோல் சொல்வாள்: முதலில் தேத்தண்ணி கொடு. பிறகு கேட்கலாமா என்று கேள். இந்தப் பேப்பரை யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள் என்று சொல். ஆளைப் பார்த்துக் கேட்காதே, எல்லாரையும் கேள். எழுதியதை அவரிடமே ஒரு பிரதி கொடு.

“யார் பார்ப்பார்கள்” என்பதில் ஏன் இத்தனை கவனம் என்று முதலில் எனக்குத் தெரியாது. ஜனின்தான் சொன்னாள். அவள் சனத்தில் எத்தனையோ தாய்மார், ‘குடிக்கிறாள்’ என்று யாரோ பேப்பரில் எழுதியதால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். அதற்கு முந்திய தலைமுறையில் எழுதாமலேயே பறித்து, தூரத்துப் பள்ளிக்கூடங்களில் அடைத்து வளர்த்தார்கள். பேப்பரும் பேனையுமாக ஒரு வெளியாள் வந்தால் அவர்களுக்குக் குலை நடுங்கும். அகதியாக வந்து அதிகாரிக்கு முன்னால் இருந்தவள் நான்; எனக்கு அந்த நடுக்கம் கொஞ்சம் தெரியும்.

தொடக்கத்தில் நான் பண்ணிய ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். தேத்தண்ணி கொடு என்றாளே. நானும் எங்கள் பழக்கத்தில், வந்திருந்த ஒரு மனிதரிடம் முகம் மலர, பிரெஞ்சில், “என்ன குடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தவரை நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அல்லவா. அந்த மனிதரின் முகம் கல்லாகிப் போனது. “நான் குடிக்கிறதில்லை. ஆறு வருசமாத் தொடேல்லை” என்றார். “இல்லை, தேத்தண்ணி... கோப்பி...” என்று உளறினேன். ஜனின் கதவுக்கு வெளியே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிரெஞ்சுக்காரன் ‘ஏதாவது குடிக்க விரும்புகிறீர்களா’ என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பானாம். எங்களுக்கு அது ஒரே கேள்வி.

3

எங்கள் வீட்டில் அப்பாவும் குடித்தார். ஊருக்கே தெரியும். பொழுதுபட்டால் கள்ளுத் தவறணைப் பக்கம் சைக்கிள் போகும். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் ‘குடி’ என்ற சொல் ஒருநாளும் புழங்கியதில்லை. அம்மா எங்களைக் கூப்பிட்டு, “அப்பாவுக்குச் சுகமில்லை, சத்தம் போடாதேங்கோ” என்பா. நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவோம். அடுத்த வீட்டார் கேட்டாலும் சுகமில்லை. பள்ளிக்கூடத்துக் கடிதத்திலும் சுகமில்லை. அப்பா செத்த பிறகும் ஈரல் பழுது என்று சொன்னோமே தவிர, ஈரல் ஏன் பழுதானது என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணை எனக்குச் சொல்லித் தந்த பாடம் வேறு. நான் வந்து இறங்கிய கிழமை, ஒரு கட்டுப் பேப்பர்கள் நிரப்பவேண்டி இருந்தது. பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. அண்ணை பக்கத்தில் இருந்து, “எட, யோசிக்காதை. கேள்வி விளங்காட்டி ‘இல்லை’ எண்டு போடு. ‘ஓம்’ எண்டு போட்டா இன்னும் பத்துப் பேப்பர் தருவான்” என்றார். சரியான யோசனைதான். இருபத்தைந்து வருடம் அந்தப் புத்தியில் நான் நன்றாகவே பிழைத்தேன்.

கிளினிக்கிலும் அதே கை அதே வேலையைச் செய்தது. ஆண்களிடம் கேட்டேன், இளம் பெண்களிடமும் கேட்டேன். என்னை விட வயது கூடிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் வாய் வரவில்லை. தலை நரைத்த ஒரு அம்மாவைப் பார்த்து, “நீங்கள் குடிப்பியளோ?” என்று எப்படிக் கேட்பது? எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் செருப்பு வரும். அதனால் பிரஷர் பார்த்து, நிறை பார்த்து, சிரித்துக் கதைத்து, அந்தக் கேள்விகளுக்கு நேரே நானாகவே ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று புள்ளடி போட்டுவிடுவேன். பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

4

மதாம் ரோஸ் இன்னு என்ற பூர்வகுடி இனத்தவர். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய வடகரை ஊரிலிருந்து, மகளோடு இருக்க நகரத்துக்கு வந்தவர். அறுபத்தேழு வயது, நீரிழிவு, நல்ல பகிடிக்காரி. நான் பிரஷர் பார்க்கும்போது, “எவ்வளவு? நூத்தம்பதைத் தாண்டினா மகளிட்டச் சொல்லாதை” என்பார்.

இந்த வருடப் புரட்டாதியில் ஒருநாள், நேரம் குறிக்காமல் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் நாங்கள் கொடுத்த பிரதி. நாலாய் மடித்து விரித்த மடிப்பு. மதுபானம் என்ற வரிக்கு நேரே விரலை வைத்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் எங்கள் தமிழில்தான் எழுதமுடியும்.

“இதை ஆர் எழுதினது?”

“நான்தான், மதாம்.”

“நீ என்னட்டக் கேட்டனியோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“போன மாரி சீனி குறைஞ்சு றோட்டில விழுந்தனான். கொண்டுபோன இடத்தில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. என்ர முகத்தைப் பாத்திட்டு, குடிவெறி எண்டு எழுதினவை. ஆறு மணித்தியாலம் கட்டில்ல கிடந்தன். அண்டைக்கு நான் ஒரு சொட்டும் தொடேல்லை. இங்க வந்தா, நீயும் கேக்கேல்லை. முகத்தைப் பாத்திட்டு, இல்லை எண்டு எழுதியிருக்கிறாய். அங்கயும் நான் இல்லை, இங்கயும் நான் இல்லை. அப்ப நான் எங்க இருக்கிறன்?”

காத்திருந்த ஆட்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊரில் மூத்த பெண்களிடம் இப்படிக் கேட்பது அவமரியாதை, அதனால்தான் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

மதாம் ரோஸ் சிரித்துவிட்டார். “நல்ல ஊர். அப்ப உங்கட ஊரில வயசுபோன ஆக்கள் மரியாதையாக் குடிச்சுச் சாகலாம்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணி வந்துவிட்டது. என் அண்ணையின் நினைப்பு எங்கிருந்து அந்த அறைக்குள் வந்ததென்று தெரியவில்லை.

5

ஜனினைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “இப்ப கேள்” என்று மட்டும் சொல்லி, கேத்தலைப் போட்டாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். கேட்கலாமா என்று கேட்டேன். மதாம் ரோஸ் முதலில் கேட்டது, “ஆருக்குத் தெரிய வரும்?” என்பதுதான். சொன்னேன். மகளுக்குச் சொல்லமாட்டீர்களே என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகு அட்டையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு சொன்னார். தங்கை செத்த பிறகு தொடங்கியதாம். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன்பு, பின்னேரத்தில், தேத்தண்ணிக் கோப்பையில் வைன். எத்தனை கோப்பை? மூன்று. அட்டையின் கிளாஸோடு வைத்துப் பார்த்தால் அது ஆறு. அவரே விரல்விட்டு எண்ணி, “அடேயப்பா” என்பதுபோல ஒரு சத்தம் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும். யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. ஜனின், “நீங்கள் என்ன விரும்புறியள்?” என்று கேட்டாள். ஒரேயடியாக நிறுத்த விருப்பமில்லை, அந்தப் பின்னேரம்தான் தாங்கமுடியவில்லை என்றார் அவர். சரி, அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்தார்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் கிளினிக்கின் தையல் கூட்டம். அவருடைய மொழி பேசுகிற பெண்களும் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் ஜனின் ரெலிபோன் எடுப்பாள். டொக்டர் இரத்தம் சோதிப்பார். அவ்வளவுதான். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. ஒருவரை ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்க அரை மணித்தியாலம் போதும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் போன பிறகு நான் ஜனினிடம், “இவ நாளைக்கே விட்டிட்டா நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“டொக்டர் பாக்காமல் வேண்டாம்” என்றாள் ஜனின். “நாளாந்தம் நிறையக் குடிச்சுப் பழகின உடம்பு, திடீரெண்டு நிப்பாட்டினா தாங்காது. முதல் இரண்டு மூண்டு நாள்தான் பயம். கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும். செத்தும் போயிருக்கினம்.”

இது நான் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி மாக்ஸ் எடுத்த பாடம். ஆனால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரும் என்று அவள் சொன்ன வரிசையில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது கோயில் தரை. திருநீறு பூசிய நெற்றி. சீனித்தண்ணிக் கிளாஸோடு ஓடுகிற நான். இரண்டாம் நாள். ஐயோ, அது விரதத்தின் இரண்டாம் நாள்தானே.

6

அறிந்த பிறகும் ஒரு மாதம் இழுத்தடித்தேன். மதாம் ரோஸிடம் கேட்டாயிற்று. அண்ணையிடம் கேட்க எனக்குத் தமிழ் இல்லை.

உண்மையாகத்தான் சொல்கிறேன். என் மகள் ஆரணிக்குப் பத்தொன்பது வயது. கார்ட்டியர்வில் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் அவள் கதைப்பது பாதி பிரெஞ்சு, மீதி இங்கிலிஷ், தமிழ் ஊறுகாய் அளவு. மாமாவிடம் நான் இதைக் கேட்கவேண்டும் என்று சொன்னபோது, “கேளுங்கோவன், அம்மா. அதுக்கு என்ன?” என்றாள்.

“எப்படிக் கேக்கிறது? ‘குடிக்கிறனீங்களோ’ எண்டா அடிக்க வருவார்.”

“அப்ப நோர்மலா என்னெண்டு கேக்கிறது?”

“நோர்மலா ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

‘பாவிக்கிறது’ என்று எங்கள் ஆட்கள் நாசூக்காகச் சொல்வார்கள். அதைத் தூரத்து ஆளைப் பற்றிச் சொல்லலாம், எதிரே இருப்பவரிடம் கேட்டால் பொலிஸ் விசாரணைபோல இருக்கும். ‘எடுப்பியளோ’ என்றால் அது பார்ட்டிக்குக் கூப்பிடுகிற பேச்சு. ஆரணி, “நான் மாமாவிட்டப் பிரெஞ்சில கேக்கட்டே? பிரெஞ்சில அது வெறும் கேள்விதான்” என்றாள். வேண்டாம் என்றேன். இது பிள்ளையின் தலையில் கட்டுகிற வேலை இல்லை. ஆனால் அவள் சொன்னது எனக்குள் குத்தியது. என் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று ஊருக்கெல்லாம் குறை சொல்கிறவள் நான். எனக்கு வந்த தமிழிலும் இந்த ஒரு கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

7

சஷ்டிக்கு ஒன்பது நாள் இருக்க, ஞாயிறு மத்தியானம் நூற்றுச் சொச்சமாம் நம்பர் பஸ் ஏறிக் கோட்-டெ-நெய்ஜ் போனேன். கைப்பைக்குள் அந்த அட்டை. பஸ் முழுக்க மனதுக்குள் ஒத்திகை. ஒரு வசனமும் பொருந்தவில்லை.

அண்ணை கதவைத் திறந்தார். “வா பிள்ளை, இரு. என்ன குடிக்கிறாய்?”

அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வாய் தானாகவே சொன்னது: “அதைத்தான் அண்ணை நான் உங்களிட்டக் கேக்க வந்தனான்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மச்சாள் கேட்டுக்கொண்டு நிற்கிறா.

“உனக்கென்ன விசரே? அங்க வேலை செய்து செய்து உனக்கு எல்லாரும் குடிகாரராத் தெரியுது.”

“நான் குடிகாரர் எண்டு சொல்லேல்லை. எத்தினை எண்டுதான் கேக்கிறன். எல்லாரிட்டயும் கேக்கிறனான். உங்களிட்ட மட்டும்தான் கேக்காமல் விட்டனான்.”

“சஷ்டி ஆறு நாளும் நான் தொடுறேல்லை. குடிகாரன் ஆறு நாள் நிப்பாட்டுவானோ? சொல்லு பாப்பம்!”

“நீங்கள் நிப்பாட்டுறதுதான் அண்ணை எனக்குப் பயம்.”

நேர்ஸ் மாதிரிக் கதைக்கவேண்டும் என்று வந்தவள், தங்கச்சியாக அழுதேன். “போன வருசம் விழுந்தனீங்கள். அது விரதக் களை இல்லை. அருளும் இல்லை. உங்கட உடம்பு அது இல்லாமல் பதறிப்போச்சு. நான் பக்கத்தில நிண்டு சீனித்தண்ணி தந்தனான். இந்த முறையும் அப்பிடி நிப்பாட்டினீங்கள் எண்டா நீங்கள் எழும்பாமலும் போகலாம். அப்பாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்கு நான் சொல்லாமல் விடமாட்டன்.”

“அப்பாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?” என்று கத்தினார். எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எத்தனை பெரிய முதுகு அது. என்னை இந்த நாட்டுக்குள் இழுத்துவந்த முதுகு. போய்விடு என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மச்சாள் குசினி வாசலில் வந்து நின்றா. ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி, என்னைப் பார்த்துச் சொன்னா. “வாணி, போன வருசம் நான் உமக்குப் பொய் சொன்னனான். அண்டைக்கு அவருக்குச் சரியானது சோறால இல்லை. சோத்துக்கு முதல் கோலாப் போத்திலுக்குள்ள கலந்து வைச்சிருந்ததை எடுத்துக் குடுத்தனான். குடிச்சு அரை மணித்தியாலத்தில நடுக்கம் நிண்டிட்டுது. எனக்கு அண்டைக்கே தெரியும்.”

மேல் மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

அண்ணை திரும்பவில்லை. யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: “ஆருக்குத் தெரிய வரும்?”

மதாம் ரோஸ் கேட்ட அதே கேள்வி. பதில் எனக்கு மனப்பாடம். “டொக்டருக்கு. எனக்கு, மச்சாளுக்கு. வேற ஒருத்தருக்கும் இல்லை, நீங்களாச் சொன்னாலே ஒழிய.”

வந்து உட்கார்ந்தார். அட்டையை மேசையில் வைத்தேன். எண்ணிக்கையை அவர் வாயால் சொல்லவில்லை. விஸ்கிக் கிளாஸ் படத்தின்மேல் விரலால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டிக்கொண்டே போனார். நான் எண்ணினேன். எத்தனை என்று இங்கே எழுதப்போவதில்லை. யாருக்குத் தெரிய வரும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கு எனக்கு இருக்கிறது.

8

குடும்ப டொக்டரிடம் இடம் எடுக்க மூன்று நாள் ரெலிபோனில் தொங்கினேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு, பாட்டுக் கேள். நாலாம் நாள் கிடைத்தது. அறைக்குள் அண்ணையோடு நானும் போனேன். டொக்டர் கேட்ட முதல் கேள்விக்கு அண்ணை பழைய பழக்கத்தில் ‘நோ’ என்று தொடங்கி, என்னைப் பார்த்து, நிறுத்தி, பிரெஞ்சில் ‘வி’, அதாவது ‘ஓம்’, என்றார். மருந்தோடு, நாளாந்தம் ஆளைப் பார்த்துக்கொண்டு, கவனமாகத்தான் நிறுத்தவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விரதம் இந்த முறை வேண்டவே வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு. முதல் ஐந்து நாளும் காலையில் போய்க் காட்டவேண்டும். ஒருநாள் மச்சாள், ஒருநாள் நான் என்று மாறிமாறிக் கூட்டிப்போனோம். கை நடுங்கத்தான் செய்தது. வியர்த்தது. விழவில்லை.

இதையெல்லாம் வெற்றிக் கதையாக எழுத எனக்குப் பயம். மதாம் ரோஸ் மூன்று கோப்பையை ஒன்றாக்கினார். தங்கையின் நினைவுநாள் வந்த கிழமை திரும்ப மூன்றுக்குப் போனார். தானே ஜனினுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார். அவரைப் பற்றி இங்கே எழுதலாமா என்று நான் கேட்டபோது, “எழுது. ஆனா இந்த முறை கேட்டு எழுது” என்று சொல்லிச் சிரித்தார். பேரை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். அண்ணைக்கும் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு இடத்தில் மட்டும் திருத்தினார்: சேட்டு நனைய இல்லையாம், கொஞ்சம்தான் வியர்த்ததாம்.

ஆறாம் நாள் கோயிலுக்குப் போனோம். சூரன் போர் முடிந்து, பின்மண்டபத்தில் சனம். விரதக்காரர் ஒருபக்கம் சோர்ந்துபோய் இருந்தார்கள். அண்ணை சாப்பிட்ட முகத்தோடு நாற்காலியில் இருப்பதைக் கண்டு, கோயில் வேலைகளை முன்னின்று செய்கிற ஒருவர் வந்தார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்.

“என்னண்ணை, இந்த முறை விரதமில்லையோ? நீங்கள் விட மாட்டியளே!”

மச்சாள் பதறிப்போய், “அவருக்குச் சுகமில்லை தம்பி...” என்று தொடங்கினா. அம்மாவின் குரலே அந்த மண்டபத்தில் கேட்டதுபோல எனக்கு இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகவேண்டும்போல இருந்தது.

அண்ணை மச்சாளின் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஓம் தம்பி, எனக்குச் சுகமில்லை” என்றார்.

“ஐயோ, என்ன வருத்தம் அண்ணை?”

“குடி.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், திக்குமுக்காடிப்போனால் எங்கள் சனம் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

“சரி சரி... அப்ப என்ன குடிக்கிறியள் அண்ணை?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போய்விட்டது பாவம். அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆறு நாளில் முதல் தரமாக, வயிறு குலுங்க, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

“தேத்தண்ணி” என்றார். “சீனி கொஞ்சம் கூடப் போடச் சொல்லு.”